சார்ஜ் ஏற மறுக்கும் மடிக்கணினி: ஒரு சிறு வரலாறு

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு நன்கு பழகிய காட்சி ஒன்று உண்டு. சார்ஜர் செருகியிருக்கும். அதன் சிறு விளக்கு எரியும். ஆனால் திரையின் மூலையில் இருக்கும் பேட்டரிப் படம் மட்டும் அசையாது. "செருகப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை" என்ற பொருளில் ஒரு வரி வந்து நிற்கும். புதுப் பேட்டரி வாங்கிப் போடுவார்கள், சரியாகாது. வேறு சார்ஜர் வாங்குவார்கள், அதுவும் உதவாது. கடைசியில் "மதர்போர்டு போயிடுச்சு" என்ற தீர்ப்போடு கணினி பரண்மேல் ஏறிவிடும்.

இந்தத் தீர்ப்புகளில் பல அவசரத் தீர்ப்புகள். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டிலிருந்து பேட்டரிக்குள் இருக்கும் செல் வரை மின்சாரம் செல்லும் பாதையில் பல காவல்காரர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வருடத்தில், ஏதோ ஒரு தொல்லைக்குப் பிறகு அங்கே நிறுத்தப்பட்டவர்கள். சில தொல்லைகள் தீ விபத்துகளாகவே இருந்தன. யார் எதற்காக நிற்கிறார் என்று தெரிந்தால், எங்கே வழி மறிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. அதற்குச் சுமார் நாற்பத்தைந்து ஆண்டு வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

வயரோடு பிறந்த கணினி

1981 ஏப்ரலில் அமெரிக்காவில் "ஆஸ்போர்ன் 1" என்ற கணினி வெளியானது. வணிக ரீதியில் வெற்றி பெற்ற முதல் 'தூக்கிச் செல்லும்' கணினி என்று அதைச் சொல்வார்கள். எடை சுமார் 11 கிலோ! தையல் இயந்திரப் பெட்டி போன்ற உருவம். 5 அங்குலத் திரை. விலை 1,795 டாலர். இதை உருவாக்கிய ஆடம் ஆஸ்போர்னுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதியவர். ஆடமின் குழந்தைப் பருவம் திருவண்ணாமலையில் கழிந்தது. பிற்காலத்தில் நோயுற்று இந்தியா திரும்பிய அவர், 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

ஆஸ்போர்ன் 1 கணினிக்குள் பேட்டரி கிடையாது. வேறு ஊருக்குத் தூக்கிச் செல்லலாம். அங்கே பிளக் பாயிண்ட் இருந்தால்தான் வேலை நடக்கும். இதில் பழுது பார்ப்பதும் எளிது. மின்சாரம் வருகிறதா, வரவில்லையா என்ற ஒரே கேள்விதான்.

அதே காலகட்டத்தில் ஜப்பானின் எப்சன் நிறுவனம் "எச்எக்ஸ்-20" என்ற சிறு கணினியை அறிவித்தது. எடை சுமார் 1.6 கிலோ. உள்ளே மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல்-காட்மியம் பேட்டரி. அடுத்து 1983இல் ரேடியோ ஷாக் கடைகளில் விற்பனைக்கு வந்த "டிஆர்எஸ்-80 மாடல் 100" நான்கு சாதாரண பென்டார்ச் செல்களில் ஓடியது. அவற்றைக் கொண்டு சுமார் 20 மணி நேரம் வேலை செய்யலாம்! செய்தியாளர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். செல் தீர்ந்தால் பெட்டிக்கடையில் வேறு நான்கு வாங்கிப் போட்டால் போதும்.

இந்தக் கணினிகளின் திரை சிறியது, வேகம் குறைவு, உள்ளே சுழலும் தட்டு எதுவும் இல்லை. அதனால் மின்சாரத் தேவையும் மிகக் குறைவு. பின்னால் ஹார்ட் டிஸ்க், வெளிச்சமான திரை, வேகமான செயலி எல்லாம் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

நிக்கல் காலம் விட்டுச் சென்ற பழக்கம்

நிக்கல்-காட்மியம் செல்லை 1899இல் கண்டுபிடித்தவர் சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர். 1980களின் மடிக்கணினிகள் பெரும்பாலும் இந்த வகை பேட்டரியையே நம்பியிருந்தன. கரடுமுரடாகக் கையாண்டாலும் தாங்கும். ஆனால் ஒரு குறை இருந்தது. பாதி தீர்ந்ததுமே மறுபடி மறுபடி சார்ஜ் செய்து வந்தால், நாளடைவில் அந்தப் பாதியிலேயே மின்னழுத்தம் இறங்கிவிடும். இதற்கு "ஞாபக விளைவு" என்று பெயர். அதனால்தான் "முழுக்கத் தீர்த்துவிட்டு அப்புறம் சார்ஜ் போடு" என்ற அறிவுரை பிறந்தது.

நிக்கல்-காட்மியம் மடிக்கணினிகளை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அறிவுரை மட்டும் போகவில்லை! இப்போதைய லித்தியம் பேட்டரிக்கு இது பொருந்தாது என்பது மட்டுமல்ல, கெடுதலும் கூட. லித்தியம் செல்லைச் சுத்தமாகத் தீர்த்து, அப்படியே மாதக்கணக்கில் மூடி வைப்பதுதான் அதைக் கொல்வதற்கு மிகச் சுலபமான வழி. ஏன் என்பது கீழே வரும்.

1989: இரண்டு பாடங்கள்

1989 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் "மாக்கின்டாஷ் போர்ட்டபிள்" என்ற கணினியை வெளியிட்டது. சுமார் 7 கிலோ எடை. உள்ளே, கார் பேட்டரியின் சின்னத் தம்பி போல ஒரு ஈய-அமில பேட்டரி. ஒரு தடவை சார்ஜ் செய்தால் பல மணி நேரம் ஓடும். ஆனால் அதன் வடிவமைப்பில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் தேவைப்படும் மின்சாரத்தை அடாப்டரால் மட்டும் கொடுக்க முடியாது. பேட்டரியும் கை கொடுக்க வேண்டும். விளைவு? பேட்டரி செத்துவிட்டால், சுவரில் செருகியிருந்தாலும் கணினி எழுந்திருக்காது. நல்ல நிலையில் இருக்கும் கணினிகூட பேட்டரியால் முடங்கிக் கிடந்தது.

பின்னால் வந்த பெரும்பாலான மடிக்கணினிகளில் பாதை மாற்றி அமைக்கப்பட்டது. அடாப்டர் இருந்தால் கணினி அதிலிருந்தே ஓடும். மீதி மின்சாரம் பேட்டரிக்குப் போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு வெறும் அடாப்டரில் இயக்கிப் பார்ப்பது இன்று ஒரு சோதனை முறையாக இருக்கிறது என்றால், அது இந்த மாற்றத்தால்தான்.

இரண்டாவது பாடம் கனடாவிலிருந்து வந்தது. அங்கே மோலி எனர்ஜி என்ற நிறுவனம், லித்தியம் உலோகத்தையே ஒரு மின்வாயாகக் கொண்ட மறுசார்ஜ் செல்களை விற்றுவந்தது. 1989இல் ஜப்பானில் அந்த செல்கள் இருந்த கைபேசி தீப்பிடித்தது. விற்ற செல்கள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனமும் நொடித்துப் போனது. சார்ஜ் ஏற ஏற லித்தியம் உலோகம் ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவில் இருக்கும் தடுப்பைத் துளைத்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும் அபாயம் இந்த வகையில் உண்டு. லித்தியம் நிறைய சக்தியைச் சேமிக்கும். கோபித்துக்கொண்டால் அதையெல்லாம் ஒரே நேரத்தில் கக்கிவிடும் என்பதை உலகம் அப்போது கண்டது.

லித்தியம் வந்தது

இதற்கு மாற்று ஏற்கெனவே தயாராகிக் கொண்டிருந்தது. 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்டார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்எனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்ற பொருளைக் கொண்டு 4 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கிடைக்கும் என்று காட்டினார்கள். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தையே தவிர்த்துவிட்டு, அதன் இடத்தில் கார்பன் பொருளை வைத்தார். 1991இல் சோனி நிறுவனம் இந்த லித்தியம்-அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்த மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்எனஃபுக்கு வயது 97!

உலோகம் போனதால் ஆபத்து குறைந்தது. அடியோடு போய்விடவில்லை. 1995இல் ஆப்பிளின் "பவர்புக் 5300" மடிக்கணினி லித்தியம்-அயன் பேட்டரியோடு வந்தது. ஆரம்பத்திலேயே இரண்டு இயந்திரங்கள் தீப்பிடித்தன. அதுவரை வெளியே போயிருந்த சுமார் நூறு கணினிகளைத் திரும்பப் பெற்று, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்கே திரும்பிப் போனது அந்த நிறுவனம்.

லித்தியம்-அயன் செல்லுக்குச் சில கண்டிப்பான எல்லைகள் உண்டு. வழக்கமான செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. சுமார் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழும், சுமார் 45 டிகிரிக்கு மேலும் சார்ஜ் செய்யக் கூடாது. மிகக் கீழே இறங்கிப் பல நாள் கிடந்தால், உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு தப்பான இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம். சுத்தமாகத் தீர்த்துவிட்டு மூடி வைப்பது கெடுதல் என்றது இதனால்தான்.

பேசக் கற்றுக்கொண்ட பேட்டரி

இத்தனை எல்லைகளையும் யார் கவனிப்பது? பயன்படுத்துபவரை நம்ப முடியாது. ஆகவே பேட்டரிக்குள்ளேயே ஒரு சிறு மூளையை வைத்தார்கள்.

1990களின் நடுவில் இன்டெல், டூராசெல் நிறுவனங்கள் சேர்ந்து "ஸ்மார்ட் பேட்டரி" என்ற பொதுவான முறையை வகுத்தன. பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் சிப் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும். எத்தனை முறை சார்ஜ் ஆனது என்று கணக்கு வைக்கும். இரண்டு மெல்லிய இணைப்புகள் வழியாக அதைக் கணினிக்குச் சொல்லும். பழைய மடிக்கணினியின் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு முனைக்குப் பதிலாக ஐந்து, ஆறு, ஏழு என்று முனைகள் இருப்பதைக் காணலாம். ஓரத்தில் இருப்பவை பெரும்பாலும் மின்சாரத்துக்கு. நடுவில் இருப்பவை பேச்சுக்கு.

கணினியின் பக்கத்தில் இந்தப் பேச்சைக் கேட்பதும் ஒரு தனிச் சிப்தான். அதன் பூர்வீகம் சுவாரசியமானது. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் விசைப்பலகையைக் கவனிக்க ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சிப் இருந்தது. மடிக்கணினி யுகத்தில் அதன் வாரிசுகள் மேலும் மேலும் வேலைகளை ஏற்றுக்கொண்டன. விசிறியை ஓட்டுவது, மூடியைத் திறந்ததை உணர்வது, கடைசியில் பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது. கணினியை அணைத்தாலும் இந்தச் சிப் முழுதாகத் தூங்குவதில்லை. அதனால் அது குழம்பிப் போனால், வெறுமனே அணைத்துப் போடுவது பயன் தராது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் சிப் ஒரு செல் நிரந்தரமாகக் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தால், சில பேட்டரிகளில் அதைத் தன் நினைவில் எழுதிவைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் ஃபியூசைத் தானே எரித்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே புது செல்களை வைத்துப் பற்றவைத்தாலும் அந்தப் பேட்டரி ஏற்காது. பழுதுபோல் தெரியும் இது, உண்மையில் பாதுகாப்பு ஏற்பாடு.

2006: உலகமே பார்த்த நெருப்பு

இத்தனை காவல் இருந்தும் 2006இல் ஒரு பெரிய சம்பவம் நடந்தது. ஜப்பானின் ஒசாகாவில் ஒரு கூட்டத்தில் மேசைமேல் இருந்த டெல் மடிக்கணினி தீப்பற்றி எரியும் படங்கள் இணையம் முழுவதும் பரவின. அதே ஆண்டு ஆகஸ்டில் சோனி செல்கள் கொண்ட 41 லட்சம் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றது. பத்து நாளில் ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. வேறு பல நிறுவனங்களும் சேர்ந்தன. மொத்தம் சுமார் 96 லட்சம் பேட்டரிகள் என்று சோனி கணக்கிட்டது.

காரணம் என்ன? செல் தயாரிக்கும்போது உள்ளே விழுந்த நுண்ணிய உலோகத் துகள்கள். வெளியே இருக்கும் எந்தச் சிப்பாலும் செல்லுக்குள் நடக்கும் ஷார்ட்டை நிறுத்த முடியாது. இதற்குப் பிறகு தயாரிப்பிலும் சோதனையிலும் கண்டிப்பு கூடியது. மடிக்கணினி பேட்டரிகளுக்காக 2004இல் வந்த ஐஇஇஇ 1625 என்ற தரவிதி 2008இல் திருத்தி எழுதப்பட்டது. பேட்டரி சிறிது சந்தேகத்துக்கு இடம் கொடுத்தாலும் சார்ஜை நிறுத்திவிடும் மடிக்கணினிகளின் குணத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

அடாப்டரின் கதை

பேட்டரியைப் போலவே அடாப்டரும் மாறியது. பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர்கள் போய், 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும் இலேசான அடாப்டர்கள் வந்தன. இவை பெரும்பாலும் 19 வோல்ட் கொடுப்பது ஏன்? மூன்று லித்தியம் செல்களை வரிசையாக இணைத்தால் முழு சார்ஜில் 12.6 வோல்ட், நான்கு என்றால் 16.8 வோல்ட். அதற்கு மேல் கொஞ்சம் இருந்தால்தான் சார்ஜ் ஏற்ற முடியும். ஆகவே 19.

அடாப்டரின் ஒட்டுத்தாளில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பார்க்கலாம், 65 வாட். அதே கணினிக்கு 45 வாட் அடாப்டரைச் செருகினால், கணினி ஓடும். பேட்டரிக்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம். மாறாக, அதே வோல்ட்டும் அதே முனையும் கொண்ட 90 வாட் அடாப்டரைச் செருகுவதில் பொதுவாகத் தவறில்லை. கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும்.

தவறான அடாப்டரைச் செருகுவதைத் தடுக்கச் சில நிறுவனங்கள் அடாப்டருக்கும் பேசக் கற்றுக்கொடுத்தன. டெல் அடாப்டர்களின் முனை நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அதில் மின்சாரம் வராது; "நான் இத்தனை வாட் அடாப்டர்" என்ற தகவல் மட்டுமே வரும். வயருக்குள் அந்த ஒரு மெல்லிய கம்பி அறுந்துவிட்டால், கணினி ஓடும், ஆனால் சார்ஜ் ஏறாது, வேகமும் குறையும். அடாப்டரின் வகை தெரியவில்லை என்று திரை சொல்லும். மல்ட்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் அடாப்டர் பத்தரைமாற்றுத் தங்கம் போல் 19 வோல்ட் காட்டும்! இதை அறியாமல் பேட்டரிக்குச் செலவு செய்தவர்கள் ஏராளம்.

அடாப்டர் செருகும் துளையும் ஒரு பலவீனமான இடம். பல பழைய மடிக்கணினிகளில் அது மதர்போர்டிலேயே நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். யாராவது வயரில் கால் தடுக்கினால் முழு அடியும் அந்தப் பற்றவைப்பில் விழும். நாளடைவில் அது விரிசல் விடும். 2006இல் ஆப்பிள் கொண்டுவந்த காந்த முனை, இழுத்தால் தானே கழன்றுவிடும்படி அமைந்தது. வேறு பல நிறுவனங்கள் துளையைச் சிறு வயரோடு தனியாக வைத்தன. அப்படிப்பட்ட கணினியில் அந்தப் பகுதியை மட்டும் மாற்றிவிடலாம். 2014இல் வகுக்கப்பட்ட யுஎஸ்பி-சி முனை பின்னால் மடிக்கணினிகளுக்கும் பரவியது. அதில் அடாப்டரும் கணினியும் பேசி முடிவு செய்த பிறகே உயர்ந்த மின்னழுத்தம் வரும்.

வரலாறு சொல்லும் சோதனை வரிசை

இப்போது மறுபடி அந்தப் பழைய மடிக்கணினிக்கு வரலாம். செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்குப் போவதே அறிவு.

முதலில் சுவர். வேறு பிளக் பாயிண்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும். அடாப்டருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் கழற்றக்கூடிய வயர் பல நேரம் தளர்ந்திருக்கும்.

இரண்டாவது அடாப்டர். விளக்கு எரிவது மட்டும் சான்று அல்ல. சுமை இல்லாதபோது 19 வோல்ட் காட்டிவிட்டு, கணினியைச் செருகியதும் படுத்துவிடும் அடாப்டர்கள் உண்டு. செருகியதும் விளக்கு அணைந்தால் அடாப்டர் பலவீனமாக இருக்கலாம், அல்லது கணினிக்குள் ஷார்ட் இருக்கலாம். அதே வோல்ட், அதே வாட், அதே முனை கொண்ட இன்னொரு அடாப்டரை நண்பரிடம் வாங்கிப் பார்ப்பதே சிறந்த சோதனை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைப்பதை வாங்கும்போதும் இந்த மூன்றையும் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது துளை. வயரை மெதுவாக அசைத்தால் சார்ஜ் விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? அப்படியானால் துளை அல்லது வயரின் கழுத்துப் பகுதி பழுது. ஒரு கோணத்தில் புத்தகத்தை முட்டுக்கொடுத்து ஓட்டுவது ஆபத்து. தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும்.

நான்காவது, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, அடாப்டரில் மட்டும் இயக்குவது. ஓடினால், சுவரிலிருந்து மதர்போர்டு வரை பாதை பெரும்பாலும் சரி. ஓடாவிட்டால் பேட்டரி வாங்குவது வீண் செலவு. 1989இன் மாக்கின்டாஷ் போர்ட்டபிளில் இந்தச் சோதனையே செய்திருக்க முடியாது!

ஐந்தாவது, அந்த விசைப்பலகைச் சிப்பின் வாரிசை எழுப்பிவிடுவது. அடாப்டர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, ஆன் செய்யும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்து, சிப் புதிதாகத் தொடங்கும். மந்திரம் போல் தோன்றும் இந்த வைத்தியம் பல கணினிகளில் பலித்திருக்கிறது.

ஆறாவது, அமைப்புகள். 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜ் நின்றுவிட்டால் அது பழுதே இல்லாமல் இருக்கலாம். எப்போதும் முழு சார்ஜிலும் சூட்டிலும் இருக்கும் லித்தியம் செல் வேகமாக மூப்படையும். ஆகவே பல நிறுவனங்கள் பாதியில் நிறுத்தும் வசதியைக் கொடுத்திருக்கின்றன. யாரோ அதை எப்போதோ போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.

ஏழாவது, பேட்டரியின் சொந்த வாக்குமூலம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஒரு கட்டளையில் பேட்டரி அறிக்கை எடுக்கலாம். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவும் அதில் இருக்கும். 48,000 என்று இருந்தது 12,000 ஆகியிருந்தால், பேட்டரி கால் பங்குதான் மிச்சம். எண்களே வரவில்லை என்றால் பேச்சு நின்றுவிட்டது என்று பொருள். பேட்டரி முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி பொருத்திப் பார்க்கலாம்.

இத்தனையும் செய்து, நல்லது என்று தெரிந்த பேட்டரியும் அடாப்டரும் போட்டும் சார்ஜ் ஏறாவிட்டால்தான், மதர்போர்டில் இருக்கும் சார்ஜ் சிப்பையோ ஃபியூசையோ சந்தேகிக்க வேண்டும். அது அனுபவமுள்ளவர் மல்ட்டிமீட்டரோடு பார்க்க வேண்டிய வேலை. அப்போதும்கூட, பல நேரங்களில் மாற்ற வேண்டியது ஒரு சிறு பாகம்தான். முழு மதர்போர்டு அல்ல.

ஒரு எச்சரிக்கை. பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் மேலெழுந்தால், இனிப்பான கரைப்பான் வாசனை வந்தால், எல்லாச் சோதனையும் அங்கேயே நிற்க வேண்டும். சார்ஜ் செய்யக் கூடாது, குத்தக் கூடாது, குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. இந்தியாவில் 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதே முறை. 'செத்த' பேட்டரிக்கு வெளியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுப்பும் வித்தைகளும் வேண்டாம். அங்கே காவல்காரனை ஏமாற்றுபவர், அவன் எதற்காக நிற்கிறான் என்பதை மறந்தவர்.

யார் கையில் சாவி?

2008இல் வந்த மாக்புக் ஏரில் பேட்டரியைக் கழற்ற வழியில்லை. பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வழியே போயின. கணினி மெலிந்தது, மேலே சொன்ன நான்காவது சோதனையை வீட்டிலேயே செய்வது கடினமாயிற்று. இதற்கு எதிர்க்குரலும் எழுந்தது. பயன்படுத்துபவரே பேட்டரியை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டமாக்கி, 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறை என்று நாள் குறித்தது.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு மடிக்கணினி கிடைத்தது. பல குடும்பங்களில் அதுவே வீட்டுக்குள் வந்த முதல் கணினி. அக்கா படித்து முடித்து, தம்பிக்கு வந்து, இப்போது பேட்டரி பழுதென்று மூலையில் கிடக்கும் கணினிகள் எத்தனையோ! வெறும் அடாப்டரில் மட்டும் ஓடினால்கூட, அதில் தட்டச்சு பழகலாம், நிரல் எழுதலாம், படிக்கலாம்.

பரணில் ஏற்றும் முன் ஒருமுறை சுவரிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். செலவு ஏதும் இல்லை.